நேரம் பார்த்துக் கிளம்பியவன்

உட்காருங்க தம்பி. இப்ப எந்திரிக்காதீங்க. ராகு காலம் இப்பத்தான் பொறந்திருக்கு. ஞாயித்துக்கிழமையானா சாயங்காலத்துல வந்து உசுர வாங்கும். ஆறு மணிக்கு முடிஞ்சிரும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போங்க. வால்பாறை அங்கயேதான இருக்கப்போகுது, ஓடியா போயிரும்?

இருட்டறதுக்குள்ள மலையேறணும்னு சொல்றீங்க. சரி, ஏறலாம். நான் வேண்டாம்னா சொல்றேன்? கெட்ட நேரத்துல வாசப்படி தாண்ட வேண்டாம்னுதான் சொல்றேன். வீடு தேடி வந்த ஒறம்பரையை ராகு காலத்துல அனுப்பி வச்சேன்னு நாளைக்கு என் மேல ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.

அந்தப் பையை எதுக்கு மடியிலயே வச்சிருக்கீங்க, கீழ வைங்க. பழம் கிழம் வாங்கியாந்தீங்களா? எதுக்குங்க அதெல்லாம். என் பையன் பூபதியோட கடைசியா ஒரு வீட்டுல தங்கியிருந்தேன்னு சொல்லிட்டு இத்தனை தூரம் தேடி வந்திருக்கீங்க, அதுவே போதும். காப்பியைக் குடிங்க. நான் தென்னை ஈர்க்குச் சீவிக்கிட்டே பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. சீமாறு கட்டறவன் இதை வாங்க நாளைக்கு வந்து நிப்பான். அதோட, கை சும்மா இருந்தா எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துரும்.

பேரு என்ன சொன்னீங்க, ஜெபசிங்கா? அப்ப உங்க ஆளுங்க ராகு காலம் எமகண்டமெல்லாம் பாக்க மாட்டீங்க. அம்மா இருக்காங்களா? இருக்காங்க. எஸ்டேட்ல இலை பறிக்கறாங்களா. சரி சரி. அவங்க உங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க. எனக்குத் தெரிஞ்சது அதோ அந்தக் காலண்டர்தான். நான் அஞ்சாவதோட நின்னவ. பேப்பர் கொடுத்தா எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். காலண்டர் மட்டும் கண்ணை மூடிட்டுப் படிப்பேன்.

எதனாலன்னு கேளுங்க. பூபதியோட அப்பா தென்னை ஏறப் போனாரு. செவ்வாக்கிழமை காலைல, எமகண்டத்துல. அப்ப இந்த வீட்டுல பாக்கறதுக்கு ஆளில்ல, எனக்கும் தெரியாது. மரத்துல இருந்து விழுந்து அங்கயே முடிஞ்சுபோச்சு. எழவுக்கு வந்த ஒரு பெரிய மனுசன், "அடடா, எமகண்டத்துலயா ஏறினாரு"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அந்த ஒரு வார்த்தை தம்பி. அன்னைக்கே ஒரு காலண்டர் வாங்கி அந்த ஆணியில மாட்டினேன். பூபதி அப்ப மூணாவது படிச்சிட்டிருந்தான், அவன் அக்கா கலாமணி ஏழாவது. இதுக இரண்டும் எனக்கு மிஞ்சணும்னா நான்தான் பாக்கணும். வேற யாரு பாப்பா?

பாத்தேன். பரிச்சைக்குப் போனாலும் பாத்துத்தான் அனுப்புவேன். பள்ளிக்கூட பஸ் போயிருச்சுன்னு அழுவான். அடுத்த பஸ்ஸுல போவான், வாத்தியார் வெளிய நிக்க வைப்பாரு. நின்னா என்ன, கால் கையோட வீடு வந்து சேர்ந்தானில்ல? படிச்சு முடிச்சதும் கோயமுத்தூர்ல பெரிய கம்பெனி ஒண்ணுல இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. கௌரி நேரம் பாத்து, எந்தத் திசையில சூலம்னு பாத்து அனுப்பி வச்சேன். இவன் போறதுக்குள்ள ஆள் எடுத்து முடிச்சுட்டாங்களாம். சரி, அந்த வேலை நம்ம தலையில எழுதல, விடுன்னேன். இங்கயே தேங்கா நார் மில்லுல சேர்ந்தான். பொண்ணு பாத்ததும் அப்படித்தான். நேரம் சரியில்லைன்னு ஒரு நாள் தள்ளிப் போனோம், அதுக்குள்ள வேற எடத்துல தட்டு மாத்திட்டாங்க. எங்க பக்கம் பையனுகளுக்குப் பொண்ணு கெடைக்கறதே குதிரைக்கொம்பு. அவன் ராசி அப்படி. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

அவன் ஒரு நாள் கூட எதுத்துப் பேசினதில்ல தம்பி. சிரிச்சுக்குவான். சட்டை மாட்டிட்டு அந்தப் படியிலயே உக்காந்து, "அம்மா, பச்சை விளக்குப் போட்டாச்சா?"ன்னு கேப்பான். நான் போன்னா எந்திரிச்சுப் போவான். சிக்னல்ல நிக்கற மாதிரி.

அப்படி இருந்தவன்தான் ஒரு பெரிய பைக்கை வாங்கிட்டு வந்து நின்னான். வாங்கிட்டு, லடாக் போறேங்கறான். லடாக்குன்னா எங்கடான்னேன். போன்ல படம் காட்டினான். புல்லு பூண்டு இல்லாத மலை. மலை மேல மலை. நடுவுல கோடு இழுத்த மாதிரி ரோடு. அங்க யார்கூடப் போறேன்னு கேட்டேன். தனியாத்தான்னான். சோறு திங்காம கெடந்தேன். கலாமணி உடுமலைல இருந்து வந்து என்னைச் சத்தம் போட்டா. "முப்பத்திரண்டு வயசு ஆம்பளைம்மா அவன். ஒரு தடவையாச்சும் அவன் இஷ்டத்துக்கு விடு"ன்னா. அவளுக்கென்ன, கட்டிக் குடுத்தாச்சு, அவ வீட்டுக் காலண்டரை அவ பாத்துக்குவா.

பூபதி என் பக்கத்துல வந்து உக்காந்தான். இதோ, நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான். "ஒரே ஒரு தடவைம்மா. பனி எப்படியிருக்கும்னு பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நீ சொல்ற நேரத்துக்கே மூச்சு விடறேன்"ன்னான்.

அதுக்கு மேல என்ன பண்றது? ஒரு சத்தியம் வாங்கிட்டு விட்டேன். தினமும் காத்தால கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணணும். நான் காலண்டர் பாத்துச் சொல்ற நேரத்துலதான் வண்டியை எடுக்கணும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான். அதோட ஒரு குல்லா வாங்கிக் குடுத்தேன், பொள்ளாச்சிச் சந்தையில. காதெல்லாம் மூடற குல்லா, காப்பிக்கொட்டைக் கலர். அது உள்பக்கம் மடிப்பைப் பிரிச்சு ஒரு தாயத்தை வச்சுத் தைச்சேன். ஆனைமலை மாசாணியம்மன் காலடியில வச்சு வாங்கினது. அவன்கிட்டச் சொல்லல. சொன்னா சிரிப்பான். "குல்லாவைக் கழட்டவே கூடாது"ன்னு மட்டும் சொன்னேன்.

போனான். ஒரு கீறல் இல்லாம போனானுங்க. மகாராஷ்டிரா, ராஜஸ்தான், டெல்லி... எனக்கு அந்தப் பேரெல்லாம் அவன் போன்ல சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் வடக்கே சூலம். வடக்கேதான் போறான், என்ன பண்றது? ஒரு மடக்குப் பால் குடிச்சுட்டுக் கிளம்புடான்னேன். அங்க பாலே இல்லியாம். ஒரு டீக்கடைக்காரன்கிட்டக் கெஞ்சிப் பால் பவுடரை வாங்கித் தண்ணில கரைச்சுக் குடிச்சிருக்கான். "அம்மா, மிலிட்டரிக்காரன் ஒருத்தன் என்னைப் பாத்துட்டே இருந்தாம்மா, குழந்தைன்னு நினைச்சிருப்பான்"னான். நான் சிரிச்சேன். பாருங்க, இப்பவும் சிரிப்பு வருது.

மலை ஏறினதுக்கப்புறம் அவன் போன் வேலை செய்யல. தங்கற வீட்டுக்காரங்க போனை வாங்கித்தான் பேசுவான். மூச்சு வாங்கும் அவனுக்கு. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவான். ஆனா குரல் தம்பி, அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. சின்னப்பையன் மாதிரி. "அம்மா, மேகம் நமக்குக் கீழ இருக்குதும்மா"ன்னான். "குல்லா போட்டிருக்கியா?"ன்னு கேட்டேன்.

அப்புறம் அந்தத் திங்கக்கிழமை.

நீங்களும் அங்கதான இருந்தீங்க. அந்த வீட்டம்மா பேரு கூட என்னவோ சொன்னான், வாயில நுழையல. அவங்க போன்ல இருந்துதான் கூப்பிட்டான். இன்னும் விடியவே இல்ல, அப்பத்தான் பால்காரன் மணி அடிச்சான். "அம்மா, சீக்கிரம் பாத்துச் சொல்லு, இங்க எல்லாரும் இப்பவே கிளம்பறாங்க"ன்னான். எல்லாருக்கும் அவங்கவங்க அம்மா காலண்டர் பாத்துட்டாங்களான்னு கேட்டேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பாத்தா, அஷ்டமி. காத்தால பத்து மணி வாக்குல வரைக்கும் அஷ்டமி. அது முடிஞ்ச கையோட எமகண்டம் புடிக்குது. அதெல்லாம் கழிஞ்சு உச்சிக்கு மேலதான் நல்ல நேரம்.

சொன்னேன். "அம்மா, வழியில ஒரு எடத்துல ரோட்டுக்கு மேலயே ஆத்துத் தண்ணி ஓடுமாம். காத்தாலயே தாண்டிரணுமாம், பொழுது ஏறுனா தண்ணி ஏறிக்குமாம். இந்தம்மா சொல்றாங்க"ன்னான். ஏறின தண்ணி இறங்காதாடான்னேன். மழை பெய்யுதான்னு கேட்டேன். இல்ல, நல்ல வெயில்தான் அடிக்கும்னான். வெயில் அடிச்சா தண்ணி வத்துமா ஏறுமா, நீங்களே சொல்லுங்க. எங்க ஊர்ல வத்தும். அப்புறம் அவங்கப்பாவைப் பத்திச் சொன்னேன். எமகண்டத்துல ஏறிட்டு எப்படி இறங்கினாருன்னு ஞாபகம் இருக்குதான்னேன்.

"சரிம்மா"ன்னான். கோவமா சொல்லல தம்பி. சிரிச்சுட்டுத்தான் சொன்னான். "இந்த மலையில காலண்டர் கிழிக்க ஆளே இல்லம்மா. இங்க அஷ்டமி வந்துட்டுப் போறது அஷ்டமிக்கே தெரியாது"ன்னான். ஆனாலும் உக்காந்துட்டான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன்.

உச்சிக்கு மேல மறுபடியும் கூப்பிட்டான். "பச்சை விளக்குப் போட்டாச்சா?"ன்னான். போடா சாமி, நல்லபடியாப் போயிட்டு வான்னேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது, கோட்டைக் கூடக் கழட்டிட்டேன்னான். எனக்கும் மனசு நிறைஞ்சுபோச்சு. நல்ல நேரம், நல்ல வெயில். இதுக்கு மேல என்ன வேணும் ஒரு மனுசனுக்கு?

அவ்வளவுதான் நான் கேட்டது.

மாப்பிள்ளைதான் போனாரு, கலாமணி வீட்டுக்காரரு. அங்க போயி அவருக்கே மூச்சு முட்டி ஆஸ்பத்திரில போட்டு எடுத்திருக்காங்க. பூபதியைக் கீழ ஒரு பாறைச் சந்துல இருந்து எடுத்தாங்களாம். இங்க கொண்டுவர முடியாதுன்னு அங்கயே காரியத்தை முடிச்சுட்டு, ஒரு சொம்பைத்தான் கொண்டாந்தாரு. நான் முகம் பாக்கல. பெத்தவ நான், முகம் பாக்கல. வண்டி அப்புறமா ரயில்ல வந்துச்சு, சாக்கு சுத்தி. அதோ மாட்டுக்கொட்டாயில நிக்குது. சாக்கை நான் பிரிக்கல. பிரிச்சு என்ன பாக்கறதுக்கு இருக்கு?

வருசம் திரும்பப் போகுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் விளங்க மாட்டேங்குது. எல்லாம் பாத்துத்தான அனுப்பினேன்? கெட்ட நேரத்துல கிளம்பியிருந்தா எடுத்துக்க ஆத்தா, கேக்க மாட்டேன். அவங்கப்பா விசயத்துல நான் கேக்கலியே. நல்ல நேரத்துல கிளம்பினவனை எதுக்கு எடுத்தே? இதைச் சோசியக்காரன்கிட்டக் கேட்டேன், சோழியை உருட்டிட்டு முழிக்கறான். கலாமணிகிட்டக் கேட்டேன். அவ இப்ப இங்க வர்றதே கம்மி. வந்தாலும் அந்தக் காலண்டரைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி மாட்டிடறா. இந்த வருசம் வாங்கவே வாங்காதேன்னு ஒரே சண்டை. ஏன்டின்னா, என் முகத்தையே பாத்துட்டு இருந்துட்டு அழுவறா. தம்பி போன துக்கம், பாவம், அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு.

நீங்க அன்னைக்கு எப்பக் கிளம்பினீங்க? விடியறதுக்கு முன்னாடியா? நல்ல அஷ்டமியில! பாருங்க. கல்லு மாதிரி இதோ உக்காந்து காப்பி குடிக்கறீங்க. உங்களைக் கண்ணு வைக்கறேன்னு நினைச்சுக்காதீங்க சாமி, நல்லா இருங்க. நூறு வருசம் இருங்க. எனக்கு ஞாயம்தான் தெரியணும்.

என்ன, என்னவோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க. பையில என்ன?

...

இந்தக் குல்லா உங்ககிட்ட எப்படி வந்துச்சு?

அழாதீங்க. முதல்ல சொல்லுங்க. காது வலின்னு நீங்க சொன்னீங்களா? அவனே கழட்டிக் குடுத்தானா? "எங்கம்மா என்னை மதியம்தான் விடுவாங்க, அப்ப வெயில் வந்துரும், நீங்க போட்டுட்டுப் போங்க, கீழ இறங்கினதும் வாங்கிக்கறேன்"னானா? அப்படியேவா சொன்னான்? அவன் பேசற மாதிரியே சொல்றீங்க.

குடுங்க இங்க. கண்ணாடி எங்க வச்சேன்... வேண்டாம், கையே சொல்லிரும். இதோ. இதோ இருக்கு பாருங்க, மடிப்புக்குள்ள. தொட்டுப் பாருங்க. நெல்லு மாதிரி நெருடுதில்ல? தாயத்து. நான் தைச்ச தையல் ஒரு நூல் விடல.

அப்ப இதுதான். இதுதான் தம்பி! இத்தனை நாளா நான் மண்டையை உடைச்சுட்டு இருந்தது இதுதான். கழட்டாதே கழட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கழட்டிட்டான். அடுத்தவனுக்குக் காது வலின்னதும் கழட்டிக் குடுத்துட்டான். சின்னதுல இருந்தே அப்படித்தான், பென்சிலக் குடுத்துட்டு வருவான், செருப்பக் குடுத்துட்டு வருவான். அவனுக்குன்னு இருந்த காப்பை உங்க தலையில வச்சுவிட்டுட்டு, வெறுந்தலையோட போயிருக்கான்.

உங்க மேல தப்பில்ல. நான் சொல்லவே இல்லியே உங்க மேல தப்புன்னு. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கே தெரியாது.

இல்லீங்கம்மான்னா? எது இல்ல?

காத்தால நீங்க தாண்டறப்ப தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சா. கூழாங்கல்லு கூடத் தெரிஞ்சுதா. மத்தியானம் வெயிலுக்குப் பனி உருகி...

நிறுத்துங்க.

மாப்பிள்ளையும் இதையேதான் சொல்ல வந்தாரு. பாதியில விட்டுட்டாரு. நீங்களும் விட்டுருங்க. கணுக்கால் அளவு இருந்துச்சுன்னா, எதனால இருந்துச்சு? உங்க தலையில மாசாணியாத்தா உக்காந்திருந்தா. அவ வழி விட்டிருக்கா. அவன் தலையில யாரு இருந்தா? ஒருத்தருமில்ல. அதனால ஏறிருச்சு. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு? நான் படிக்காதவதான். ஆனா இது எனக்கு விளங்குது. உங்களுக்கும் விளங்கும். இன்னொரு தடவை அந்தத் தண்ணியைப் பத்தி இந்த வீட்டுல பேசாதீங்க சாமி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

காப்பி ஆறிப்போச்சு பாருங்க. சூடு பண்ணித் தரட்டுமா? வேண்டாமா. சரி.

வாசன இன்னும் இருக்கு இதுல. எண்ணெய் வாசன. தேங்காயெண்ணெய்தான் வைப்பான், நம்ம செக்குல ஆட்டினது. இல்ல இது உங்க தலை வாசனையா? எனக்குத் தெரியல தம்பி. எனக்குத் தெரியலியே.

மணி என்னாச்சு? ஆறாயிருச்சா. அந்தக் கோயில் மைக்கு போட்டா ஆறு. ஆமா, போட்டுட்டான். ராகு காலம் முடிஞ்சுது. இப்ப நல்ல நேரம், கிளம்புங்க. இருந்து சாப்பிட்டுப் போங்கன்னு சொல்லலாம், ஆனா நேரம் நல்லா இருக்கறப்பவே கிளம்பிரணும்.

வெளிய வந்து பாருங்க, மலைப்பக்கம் எப்படிக் கறுத்துக் கெடக்குதுன்னு. ஆழியாறுகிட்டயே தூறல் போடும்னு நினைக்கறேன். அத்தனை கொண்டை ஊசி வளைவு. பொழுது எறங்குனா யானை வேற ரோட்டுல நிக்கும்னு பஸ்காரங்க சொல்லுவாங்க. நீங்க முதல்லயே கிளம்பணும் கிளம்பணும்னீங்க, நான்தான் புடிச்சு வச்சேன். நல்லதுக்குத்தான். ராகு காலத்துல போயிருந்தீங்கன்னா என் மனசு என்னை விட்டிருக்குமா? இப்பப் பாருங்க, ஒரு பயமும் இல்ல.

இந்தாங்க, இதைப் போட்டுக்கங்க. இல்ல இல்ல, எனக்கு எதுக்கு? இந்த ஊர் வெக்கையில நான் குல்லா போட்டுட்டு ஈர்க்குச் சீவறதா? குனிங்க, நானே மாட்டி விடறேன். காதை மூடுங்க. ஹெல்மெட்டை இதுக்கு மேல போட்டுக்கங்க. கழட்டக் கூடாது. யாரு எந்த வலின்னு சொன்னாலும் கழட்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.

பண்ணிட்டீங்க. போதும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு போன் போடுங்க சாமி. எந்நேரமானாலும் எடுப்பேன். போன் இந்த முந்தானையிலயேதான் முடிஞ்சு வச்சிருக்கேன், வருசமா.

நல்ல நேரம். போயிட்டு வாங்க.

வண்டி லைட்டைப் போடுங்க தம்பி. இப்பவே போட்டுக்கங்க. இங்கயே ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.